பெட்டி மட்டும் அசல்

ஜூன் 8, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. வேனைக் கழுவி, சீட் உறைகளைத் துவைத்து மாட்டி, முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் புதிதாக வைத்தாயிற்று. பிரேக் வேலையும் முடிந்துவிட்டது. பெடல் ஆழமாக இறங்குகிறது என்று கோடை விடுமுறைக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தேன். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துவிட்டதாம். வழக்கமாக வேனுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் சிக்கந்தர் பாய் மகளின் பிரசவத்துக்காகத் திருச்சி போய்விட்டார். அதனால் கொழுந்தன் பவுன்ராஜ், வத்தலக்குண்டில் இருக்கும் தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்தே புது சிலிண்டர் எடுத்துவந்து, ஒரு ஆளையும் கூட்டிவந்து மாட்டிக் கொடுத்தார்.

“கம்பெனி சாமான் மதினி. பெட்டியப் பிரிக்காமக் கொண்டாந்திருக்கேன்” என்றார்.

பவுன்ராஜுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, இனி வேனை விற்க வேண்டியதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். “மதினி ஓட்டுவாங்க” என்று ஒரே ஆளாக நின்றவர் அவர்தான். கடையைப் பூட்டிவிட்டு வந்து, இந்த மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். சொந்தத் தம்பிகூட அப்படிச் செய்யமாட்டான்.

ஜூன் 9, திங்கள்

மூங்கில்பள்ளத்திலிருந்து பட்டிவீரன்பட்டி வரை ஒரே பாட்டும் சத்தமும்தான். டீக்கடை அழகுமீனாவின் மகள் தர்ஷிகா ஒன்றாம் வகுப்பு. முதல் நாள், அழவில்லை. அம்மாதான் அழுதாள். “அக்கா, பாத்துக் கூட்டிட்டுப் போங்கக்கா” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள். பிள்ளைகள் என்னை ஜோதிம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்டு வந்தேன். ரசம் வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை. மிளகுக் கொடி ஒன்று சாய்ந்துவிட்டது. வேன் நன்றாக ஓடுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

பெடல் மறுபடி கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருக்கிறது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால் அளவு குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பினேன். பவுன்ராஜுக்குப் போன் செய்தேன். “புதுச் சாமான்ல மதினி, செட்டாகுற வரைக்கும் அப்பிடித்தான் இருக்கும். ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்” என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இட்லி மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்.

ஜூன் 18, புதன்

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் அழகுமீனாவின் டீக்கடை வளைவில் தர்ஷிகாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அடுத்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப மிதித்தேன். ஒன்றுமில்லை. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, வேனை மலைப்பக்கம் ஒடித்தேன். மண் சுவரை உரசிக்கொண்டே போய், ஓடைக்குள் முன்சக்கரம் இறங்கி, உண்ணிப்புதரில் முட்டி நின்றது. எதிர்ப்பக்கம் பள்ளம். அதை நான் பார்க்கவில்லை.

டிபன் பாக்ஸ்கள் உருண்டு கிடந்தன. ஒரு பையனுக்கு நெற்றியில் சின்ன வீக்கம். மற்ற எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஜோதிம்மா, எறங்கணுமா?” என்று ஒரு குரல் கேட்டது. ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன்.

கடையிலிருந்து பார்த்துவிட்டு அழகுமீனா ஓடிவந்தாள். தர்ஷிகாவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, “பிள்ளைகள கொல்லப் பாத்தியே! உன்ன நம்பித்தான ஏத்திவிட்டேன்!” என்று கத்தினாள். அவள் கத்தியது சரிதான். பெற்றவள் கத்தாமல் என்ன செய்வாள்.

எதிரே மலையேறி வந்த அரசுப் பேருந்தின் டிரைவரும் கண்டக்டரும் இறங்கிவந்து, பிள்ளைகளைப் பத்திரமாக வீடுகளில் சேர்த்தார்கள். அவர்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் புதருக்கும் நன்றி, மண்ணுக்கும் நன்றி.

டீ குடிக்கும்போது கொஞ்சம் சிந்திவிட்டது. அந்தத் தம்ளர் விளிம்பு எப்போதுமே சரியில்லை.

ஜூன் 19, வியாழன்

லாரிக்காரர்கள் வேனை வெளியே இழுத்து, கட்டி, வத்தலக்குண்டில் சிக்கந்தர் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். சிக்கந்தர் பாய் திருச்சியிலிருந்து வந்துவிட்டார், பேத்தி பிறந்திருக்கிறாளாம். பிள்ளைகளின் வீடுகளிலிருந்து போன் வந்தபடியே இருந்தது. சிலர் விசாரித்தார்கள், சிலர் இனி வேண்டாம் என்றார்கள். எல்லாரிடமும் சரி என்றேன்.

வீட்டிலிருந்த திரைச்சீலை, போர்வை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

சிக்கந்தர் பாய் கூப்பிட்டிருந்தார். பேருந்தில் போனேன். தரை ஈரமாக இருந்ததால் வளைவுகளில் கால் வழுக்கியது. வலது காலை அழுத்தி ஊன்றிக்கொண்டே போனதில் கெண்டைச்சதை வலிக்கிறது.

பாய் சிலிண்டரைப் பிரித்து வைத்திருந்தார். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் ஊதிப்போய், ஓரம் கிழிந்து தொங்கியது.

“டூப்ளிகேட் சாமான்மா இது” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க கொழுந்தன் கடைச் சாமான். என் முன்னாடிதான் பெட்டியப் பிரிச்சாரு. நான் கண்ணால பாத்தேன்.”

“பெட்டி இருக்கா?”

வேன் டேஷ்போர்டிலேயே இருந்தது. கொண்டுவந்து காட்டினேன். கம்பெனிப் பெயர், பளபளக்கும் முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. பாய் முத்திரையின் ஓரத்தை நகத்தால் நெருடினார். முன்பே ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டிய தடம், கீழே பழைய பசையின் மஞ்சள்.

“பெட்டி அசல்தான். உள்ள இருக்கதுதான் வேற. காலிப் பெட்டிய வாங்கிட்டுப் போறதுக்குன்னே ஆளுக ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பா வர்றாங்கம்மா. அதனாலதான் நான் எந்தப் பெட்டியா இருந்தாலும் கிழிச்சுப் போட்டுருவேன்.”

சிக்கந்தர் பாய்க்கும் பவுன்ராஜுக்கும் முன்பிருந்தே ஆகாது. அதனால் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிலிண்டரை ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

நானும் செல்லப்பாண்டியும் திண்டுக்கல் போய், கம்பெனியின் நேரடி டீலரிடம் புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கினோம். அவருக்கு இடுப்பு வலி, பேருந்தில் நெடுநேரம் உட்கார முடியாது. இருந்தாலும் வந்தார். பாய் கடையில் கொடுக்கும்முன் வீட்டில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இரண்டு சிலிண்டரையும் செய்தித்தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருந்தன. கையில் தூக்கிப் பார்த்தால் பவுன்ராஜ் தந்த பழையதுதான் கனம் கூடுதல். கனமாக இருந்தால் நல்ல சாமான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோன பிறகு தெரிய ஆரம்பித்தது. டீலர் தந்ததில் கம்பெனிப் பெயர் இரும்பிலேயே கூர்மையாக எழும்பியிருந்தது. விரல் வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தட்டுப்பட்டது. பழையதில் எழுத்துகள் உருகின மெழுகு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அசலில் பெட்டியில் இருந்த நம்பரே சாமானிலும் வெட்டியிருந்தது. பழையதில் பெட்டியில் மட்டும்தான் நம்பர். உட்குழாயில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். ஒன்று பீங்கான் கிண்ணம் போல வழுவழுப்பு. இன்னொன்றில் நகம் வரி வரியாக மாட்டியது.

“என்ன ஜோதி, ரெண்டும் ஒண்ணுதான?” என்று கேட்டார் செல்லப்பாண்டி.

“ஆமா. ஒண்ணுதான்” என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

பவுன்ராஜ் வீட்டுக்கு வந்தார். தர்ஷிகாவுக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு அழகுமீனா வீட்டுக்கும் போய்விட்டு வந்தாராம். அவள் கதவைத் திறக்கவில்லையாம். “ரோடு ஈரமா இருந்திருக்கும் மதினி. வண்டின்னா அப்பிடி இப்பிடித்தான்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். சிலிண்டரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கடைச் சரக்கு நல்லதுதான் என்று பாய்க்குக் காட்டிவிட வேண்டும். ரப்பர் வாஷர் தனியாகவும் விற்பார்கள். திண்டுக்கல்லில் ஒரு செட் சேர்த்து வாங்கியிருந்தேன். செல்லப்பாண்டியை அனுப்பிப் பவுன்ராஜ் கடையிலிருந்தும் அதே கம்பெனி செட் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். இரண்டு கண்ணாடித் தம்ளரில் பிரேக் ஆயில் ஊற்றி, தம்ளருக்கு ஒரு வாஷரைப் போட்டு, அடுப்பங்கரைப் பரணில் வைத்திருக்கிறேன். எது என்ன என்று தம்ளரில் நூல் கட்டி அடையாளம் போட்டிருக்கிறேன். இரண்டும் அப்படியே இருக்கும், பாருங்கள்.

ஜூன் 24, செவ்வாய்

பரணில் பார்த்தேன். வித்தியாசம் ஒன்றுமில்லை. வெளிச்சமும் சரியில்லை.

வேன் நேற்றே தயாராகிவிட்டதாம். சொல்வதற்கு மறந்துவிட்டேன் என்கிறார் செல்லப்பாண்டி. “ஒண்ணும் அவசரமில்ல, வெள்ளிக்கெழம எடுத்துக்கிறோம்னு பாய்கிட்டச் சொல்லிட்டேன்” என்றார். வயதானால் மறதி வரும்தான். நல்லதாகப் போயிற்று. எனக்கும் மாவாட்ட வேண்டும், வடகத்துக்குப் பிழிய வேண்டும், மழை வேறு.

ஜூன் 26, வியாழன்

வடகம் காயவில்லை.

தம்ளர்களை இறக்கினேன். நீல நூல் கட்டிய தம்ளரில் இருந்த வாஷர் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி பெருத்திருந்தது. சிலிண்டர் குழாயில் வைத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. நகத்தால் அழுத்தினால் தோல் உரிந்து ஆயில் கறுத்தது. சிவப்பு நூல் தம்ளரில் இருந்தது போட்ட மாதிரியே கெட்டியாக இருந்தது.

நீல நூல் பவுன்ராஜ் கடை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்லப்பாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பவுன்ராஜ் அவருடைய சொந்தத் தம்பி. என்ன சொல்வாரோ என்று பயந்தேன்.

“நம்மளோட போகட்டும்னு விட முடியாது ஜோதி. அவன் கடையில நம்ம மட்டுமா வாங்குறோம்?” என்றார்.

நல்ல மனிதரைத்தான் கட்டியிருக்கிறேன்.

ஜூன் 28, சனி

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, இரண்டு வாஷரையும் இரண்டு பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு போனேன். பவுன்ராஜ் கடையில் தனியாக இருந்தார். பாட்டில்களைக் கல்லாமேசை மேல் வைத்து, எது எங்கே வாங்கியது என்று மட்டும் சொன்னேன்.

அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏஜென்ட் மாறுனான் மதினி. சல்லிசாக் குடுத்தான். பில்லு இருந்துச்சு, பெட்டி நல்லாருந்துச்சு. ஒரு தடவ சந்தேகமும் வந்துச்சு. பெட்டியப் பாத்து மனசச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். அன்னைக்கு வண்டி முட்டுச்சுன்னு கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. கேக்கத் தைரியம் இல்ல.”

என் மனதில் எத்தனையோ வார்த்தை வைத்திருந்தேன். “இன்னும் யார் யாருக்குக் குடுத்தீங்க தம்பி?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் போனை எடுத்தார். வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “அண்ணே, நான் குடுத்தது டூப்ளிகேட். வண்டிய எடுக்காதீங்க. நான் வந்து மாத்தித் தாரேன்” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஏச்செல்லாம் எனக்கே கேட்டது. ஒருவர் ஏசி முடித்ததும் அடுத்த நம்பரைப் போட்டார். என் முன்னால் அதைச் செய்தாரே, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஆள் மட்டும் கிடைக்கவில்லை. ஜீப் வெள்ளைச்சாமி. தாண்டிக்குடிக்கு மேலே எஸ்டேட்டில் களையெடுக்கும் பெண்களை ஏற்றிப் போகிறவர். அங்கே சிக்னல் கிடையாது. சனிக்கிழமை என்றால் மதியமே வேலை முடித்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுவார்.

இரண்டு பேரும் சிக்கந்தர் பாய் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினோம். வெள்ளிக்கிழமையும் எடுக்கப் போகாததால் வேன் அங்கேதான் நின்றது. பாய் விஷயத்தைக் கேட்டதும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. சாவியை நீட்டினார். பவுன்ராஜ் வாங்கினார். கதவைத் திறக்கப் பார்த்தார், சாவி துவாரத்தில் ஏறவே இல்லை.

“தள்ளுங்க தம்பி” என்றேன்.

ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். பாதி வழியில் கல் மாதிரி நின்றது. எடுத்து மறுபடி மிதித்தேன். நின்றது. பாய் ஜன்னலருகே நின்றுகொண்டு, “எத்தன தடவ வேணும்னாலும் மிதிச்சுப் பாத்துக்கங்கம்மா” என்றார். அவசரம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார்.

பவுன்ராஜை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். அழகுமீனாவின் டீக்கடை தாண்டும்போது அவள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் மண் சுவரில் வேன் உரசிய தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. தூறலாக இருக்கும். வைப்பரைப் போட்டுக்கொண்டேன்.

எஸ்டேட் கேட்டுக்கு நாங்கள் போனபோது வெள்ளைச்சாமி ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டார். பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குறுக்கே வேனை நிறுத்தினேன். பவுன்ராஜ் இறங்கி ஓடி விஷயத்தைச் சொன்னார்.

வெள்ளைச்சாமி சிரித்தார். “நேத்துக்கூட நல்லாத்தானப்பா பிடிச்சுச்சு. எறக்கிவிட்டுட்டு வந்து பாப்போம்.”

நான் பக்கத்தில் போனேன். “அண்ணே, ஒரே ஒரு தடவ. பெடல மிதிச்சு, எடுக்காம அப்படியே அழுத்திப் பிடிங்க.”

மிதித்தார். முதலில் நின்றது. என்னைப் பார்த்து மறுபடி சிரித்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது. கால் தானாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அவர் என்ஜினை அணைத்தார்.

“ஏ, எறங்குங்கத்தா எல்லாரும்” என்றார்.

பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி வெள்ளைச்சாமியைத் திட்டினாள், ஒருத்தி பவுன்ராஜைத் திட்டினாள். கருப்பாயி என்கிற அக்கா மட்டும் என் கையைப் பிடித்து, “நீ கூட்டிட்டுப் போவியா தாயி?” என்று கேட்டாள்.

கூட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளைச்சாமியும் ஜீப்பைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே மிதித்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் பிடித்தது. கருப்பாயி அக்கா வழியெல்லாம் தன் பேரன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் பேச்சை நிறுத்தாமல் இருந்ததற்கு எந்தத் தெய்வத்துக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீக்கடை வளைவில் பெண்கள் இறங்கி டீ குடித்தார்கள். நான் இறங்கவில்லை. அழகுமீனா அவர்களிடம் என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

பவுன்ராஜ் கடை வாசலில் சாக்கு விரித்து, அந்த ஏஜென்ட் போட்ட சரக்கு முழுவதையும் கொட்டினார். சிலிண்டர், வாஷர், பேரிங் எல்லாம் குவியலாகக் கிடந்தன. பழைய இரும்புக்குப் போட்டால் எவனாவது துடைத்து மறுபடி பெட்டியில் போட்டுவிடுவான் என்று சம்மட்டியால் ஒவ்வொன்றாக உடைத்தார். செல்லப்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிகளைக் கிழித்தார். நான் முத்திரைகளைக் கத்தரித்தேன். நல்ல சாமானும் ஒன்றிரண்டு கலந்திருக்கலாம். சந்தேகம் வந்ததையெல்லாம் உடைத்தாயிற்று. ஏஜென்ட் மேல் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் போன் அணைந்து கிடக்கிறதாம்.

மதியம் சிக்கந்தர் பாய் வந்தார். குவியலைப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “அந்தச் சம்மட்டியக் குடு பவுனு, கை காச்சுப் போயிருக்கும்” என்றார்.

பவுன்ராஜ் என்னிடம் வந்து, “என்ன இனிமே நம்புவீங்களா மதினி?” என்று கேட்டார்.

“பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு நம்புவேன்” என்றேன். அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் 30, திங்கள்

வேனை எடுத்தேன். யாரும் வராவிட்டாலும் ஒரு நடை போய்வரலாம் என்றுதான் எடுத்தேன். மூங்கில்பள்ளத்தில் சில பிள்ளைகள் பையோடு நின்றார்கள். சில வீட்டுக் கதவுகள் திறக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

டீக்கடை வளைவில் அழகுமீனா கடையைச் சாத்திவிட்டு, தர்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றாள். நான் நிறுத்தினேன். மகளை ஏற்றினாள். பிறகு அவளும் ஏறி என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

“நானும் வாரேன்” என்றாள். அவ்வளவுதான்.

கியரைப் போட்டேன். வேன் முட்டிய இறக்கம் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிதித்தேன். வேன் சொன்ன பேச்சு கேட்டது. பிள்ளைகள் பின்னால் ஏதோ விடுகதை போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வளைவு, அதற்கடுத்தது. மலை இறங்கிச் சமவெளி வந்தபோது அவள் கை தளர்ந்திருந்தது.

பள்ளி வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். தர்ஷிகாவை உள்ளே அனுப்பிவிட்டு அழகுமீனா என் ஜன்னலுக்கு வந்தாள். அன்று கத்தியதைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

“சாயங்காலம் நான் வரமாட்டேன்க்கா. கடையில வேல கெடக்கு. நீங்களே கூட்டிட்டு வந்துருங்க.”